அதீனாவா, ஏரீஸா? கிரேக்கர்களின் இரண்டு போர்த் தெய்வங்கள்

போருக்கு ஒரு தெய்வம் போதாதென்று கிரேக்கர்கள் இரண்டு தெய்வங்களை வைத்திருந்தார்கள். இருவருமே தெய்வங்களின் அரசன் ஸீயஸின் பிள்ளைகள். ஏரீஸ் ஸீயஸுக்கும் அவன் மனைவி ஹீராவுக்கும் பிறந்தவன். கருவுற்றிருந்த மீட்டிஸ் என்ற தெய்வப்பெண்ணை ஸீயஸ் விழுங்கிவிட, அவன் தலையிலிருந்து போர்க்கோலத்தோடு வெளிப்பட்டவள் அதீனா. கிரேக்கப் புராணத்தை அறிமுகம் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இருவரையும் ஒரே வரியில் பிரித்துவிடுகிறார்கள்: அவள் மதிநுட்பமான போர், அவன் வெறிபிடித்த போர். இந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தை நிதானமாக வாசித்தால், ஏரீஸ் மீது விழுந்த பழியில் ஒரு பங்கு அதீனாவுக்கும் சேர வேண்டியது என்று தெரியும்.

பழமையில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிரீட் தீவின் க்னோசஸ் அரண்மனையில் லீனியர் பி என்ற பழைய கிரேக்க எழுத்தில் எழுதிய களிமண் பலகை ஒன்று கிடைத்திருக்கிறது. கி.மு. 1400-ஐ ஒட்டியது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்த பிறகு பார்த்தால், அந்த ஒரே பலகையில் அதனா என்ற தலைவியும் எனுவாலியோஸ் என்ற தெய்வமும் அடுத்தடுத்து வருகிறார்கள். எனுவாலியோஸ் பிற்காலத்தில் ஏரீஸின் மறுபெயராகிவிட்டது. ஆக, இருவரும் ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியே பக்கத்துப் பக்கத்தில் வழிபாடு பெற்றவர்கள்.

பலம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. இலியட்டின் ஐந்தாம் காண்டத்தில் கிரேக்க வீரன் டயோமிடீஸின் தேரோட்டியை இறக்கிவிட்டு அதீனாவே தேரில் ஏறுகிறாள். பாரம் தாங்காமல் தேரின் அச்சு முனகுகிறது. ஏரீஸ் கண்ணில் படாதிருக்கப் பாதாளத் தெய்வமான ஹேடீஸின் தொப்பியை அணிந்திருக்கிறாள். ஏரீஸ் குத்திய ஈட்டியைக் கையால் தட்டிவிடுகிறாள். டயோமிடீஸ் குத்தும்போது அந்த ஈட்டியை அவளே அழுத்தி ஏரீஸின் அடிவயிற்றில் இறக்குகிறாள். ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தியதுபோல் அவன் அலறுகிறான். தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்கு ஓடிப்போய் ரத்தத்தைக் காட்டி முறையிட்டால், தெய்வங்களிலேயே உன்னைத்தான் எனக்கு அறவே பிடிக்காது என்கிறான் தகப்பன். ஆனாலும் தன் பிள்ளை என்பதால் மருந்து போடச் சொல்கிறான். இருபத்தொன்றாம் காண்டத்தில் மறுபடி மோதுகிறார்கள். வயலுக்கு எல்லைக்கல்லாகக் கிடந்த கரடுமுரடான கறுப்புக் கல்லை எடுத்து அவன் கழுத்தில் எறிகிறாள் அதீனா. அவன் விழுந்து கிடக்கிறான்; அவள் சிரிக்கிறாள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அறிமுக நூல்கள் சொல்வது சரிதான். வம்பாக இருப்பது வென்ற விதம். இரண்டாவது மோதலில் அவள் நேரடியாகத்தான் நிற்கிறாள். முதலாவதிலோ, மறைந்து நின்று வேறொருவன் கையால் குத்த வைக்கிறாள். இதுவே அவளுக்கு வழக்கமான முறை என்பதற்கு இருபத்திரண்டாம் காண்டம் சாட்சி. டிராயின் மதிலைச் சுற்றி ஓடிக் களைத்த டிராய் இளவரசன் ஹெக்டரின் முன்னால் அவள் அவனுடைய தம்பி டெய்ஃபோபஸின் உருவில் வந்து நிற்கிறாள். நாம் இருவரும் சேர்ந்து எதிர்ப்போம் என்கிறாள். தம்பியை நம்பி ஹெக்டர் நிற்கிறான். அவனைத் துரத்தி வந்த கிரேக்க வீரன் அக்கிலீஸ் முதலில் எறிந்த ஈட்டி தவறுகிறது. ஹெக்டருக்குத் தெரியாமல் அதை எடுத்து அக்கிலீஸிடமே திருப்பிக் கொடுக்கிறாள். ஹெக்டரின் ஈட்டி கேடயத்தில் பட்டுத் தெறித்துப் போகிறது. இன்னொரு ஈட்டி கேட்டுத் தம்பியைக் கூப்பிடுகிறான். அங்கே யாருமே இல்லை. ஏமாற்றப்பட்டதையும் தன் சாவையும் ஒரே நொடியில் உணர்கிறான்.

இலியட்டில் ஏரீஸ் செய்யும் எந்தக் காரியமும் இந்த அளவுக்கு என்னை உலுக்கியதில்லை. அவனும் யோக்கியன் இல்லை. கிரேக்கர்கள் பக்கம் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு டிராய் பக்கம் போனவன். மனித உருவெடுத்து டிராய் வீரர்களை உசுப்பியும் விடுகிறான். ஆனால் தன்னை நம்பி நிற்பவனின் தம்பியாக வேடம் போட்டு அவனைச் சாகக் கொடுக்கும் வேலை அவனுடையதல்ல.

தன்னிடம் வேண்டுபவர்களை அதீனா எப்படி நடத்துகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். அவளுக்கு டிராயிலும் கோயில் உண்டு. ஆறாம் காண்டத்தில் அரசி ஹெகபே தன்னிடமிருந்த ஆடைகளிலேயே பெரிய, அழகான ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெண்களோடு அந்தக் கோயிலுக்குப் போகிறாள். பூசகி தியானோ அதைச் சிலையின் மடியில் வைத்து, எங்கள் மனைவிமாருக்கும் குழந்தைகளுக்கும் இரங்கு, பன்னிரண்டு பசுங்கன்றுகள் பலி தருகிறோம் என்று வேண்டுகிறாள். தெய்வம் முடியாது என்று தலையசைக்கிறது. டிராய் இளவரசன் பாரிஸ் அழகுப் போட்டியில் தன்னைத் தேர்ந்தெடுக்காத கோபத்தை ஒரு நகரத்துக் குழந்தைகள் மேல் காட்டுவதை மதிநுட்பமான போர் என்று எப்படிச் சொல்வது? மறுபக்கம், ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் கிரேக்க வீரன் ஒடிசியஸையும் அவன் மகனையும் அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். பிடித்தவர்களுக்கு அவளைவிட நல்ல துணை கிடையாது.

பிள்ளைப் பாசம் என்று வந்தால் ஏரீஸ் நிமிர்ந்து நிற்கிறான். மகன் அஸ்கலாஃபஸ் களத்தில் விழுந்த செய்தி கேட்டுத் தொடையில் அறைந்துகொண்டு அழுகிறான். ஸீயஸின் இடி என்னைப் பொசுக்கினாலும் சரி என்று கிளம்புகிறான். அவனிடமிருந்து தலைக்கவசத்தையும் ஈட்டியையும் பிடுங்கி உட்கார வைப்பவள் அதீனாதான். அங்கே அவள் செய்தது நல்லதே. ஸீயஸின் கோபம் எல்லோர் தலையிலும் விழுந்திருக்கும். இன்னொரு கதையில், தன் மகள் அல்கிப்பியிடம் வன்முறை செய்ய வந்த, கடல் தெய்வம் பொசைடனின் மகன் ஹாலிரோதியஸை ஏரீஸ் கொன்றுவிடுகிறான். பொசைடன் வழக்குத் தொடுக்க, ஏதென்ஸில் ஒரு குன்றின் மேல் தெய்வங்கள் கூடி விசாரித்து அவனை விடுவிக்கிறார்கள். அந்தக் குன்றுதான் அரியோபகஸ், அதாவது ஏரீஸ் குன்று. ஏதென்ஸ் நகரம் பின்னாளில் கொலை வழக்குகளை அங்கேதான் விசாரித்தது. கி.மு. 458-இல் எஸ்கிலஸ் அரங்கேற்றிய நாடகத்தில் தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸுக்கு விடுதலை கொடுத்து அதீனா வாக்களிப்பதும் அதே இடத்தில்தான்.

கோயில் கணக்கில் அதீனா எட்டாத உயரம். கி.மு. 447-இல் தொடங்கிய பார்த்தினான், உள்ளே சிற்பி பிடியாஸ் செய்த தங்கமும் தந்தமுமான சிலை. ஏரீஸுக்குக் கோயில்களே குறைவு. ஏதென்ஸின் அகோரா என்ற சந்தை வெளியில் அவனுக்கிருந்த கோயில்கூட வேறோர் ஊரிலிருந்து அகஸ்டஸ் காலத்தில் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியது. அந்த ஊரான பல்லீனியில் அது முதலில் அதீனாவுக்கே கட்டப்பட்டது என்பது இன்று ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் கருத்து. ஆனால் ஏதென்ஸை விட்டு வெளியே வந்தால் காட்சி மாறுகிறது. ஸ்பார்ட்டாவில் எனுவாலியோஸின் பழைய சிலையை விலங்கிட்டு வைத்திருந்தார்கள். தங்களை விட்டு அவன் போய்விடக் கூடாதாம். டேஜியாவில் பெண்கள் தனியாக ஏரீஸுக்குப் பலியிட்டு, ஆண்களுக்குக் கறியில் பங்கே கொடுக்கவில்லை. ஸ்பார்ட்டாவோடு நடந்த போரில் அந்த ஊர்ப் பெண்களே ஆயுதம் ஏந்தி வென்ற நினைவாக அந்த வழக்கம். இவை இரண்டையும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பவ்சானியஸ் பதிவு செய்திருக்கிறார். ரோமர்களின் போர்த் தெய்வமான மார்ஸ் வேறு கதை: ரோமை நிறுவிய ரோமுலஸின் தகப்பன், மரியாதைக்குரியவன். அவனை வைத்து ஏரீஸை அளக்கக் கூடாது.

என் தேர்வைக் கேட்டால், நகரத்தைக் காக்க அதீனாதான். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இருவரில் அதிகம் அஞ்ச வேண்டியவளும் அவளே. ஏரீஸ் வருவது தூரத்திலேயே தெரியும், அவன் காயப்பட்டால் ரத்தமும் தெரியும். கிரேக்கர்களும் இதை உணர்ந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். அக்கிலீஸின் கேடயத்தில் கொல்லர் தெய்வம் ஹெபஸ்டஸ் செதுக்கிய படையை ஏரீஸும் அதீனாவும் சேர்ந்தே நடத்துகிறார்கள். இருவரும் பொன், இருவரும் பேருருவம். ஹோமரின் பெயரில் வழங்கும் துதிப்பாடல்களில் அதீனாவுக்கு ஒரு சிறு பாடல் உண்டு. படைக்குப் போய்த் திரும்பும் மக்களைக் காப்பவள் என்று அவளைப் போற்றும் அதே பாடல், ஏரீஸோடு சேர்ந்து நகரங்களைச் சூறையாடுவதில் விருப்பம் கொண்டவள் என்றும் சொல்கிறது. அதே தொகுப்பில், காலத்தால் மிகவும் பிந்திய ஏரீஸ் துதியில், பாடுபவன் அவனிடம் தைரியம் கேட்கிறான். தன்னைச் சண்டைக்கு இழுக்கும் ஆத்திரத்தை அடக்கி, அமைதியின் சட்டங்களுக்குள் தன்னை நிறுத்தி வைக்கும்படி கேட்கிறான்.