எடைமேடை மென்பொருளைப் புதிய கணினிக்கு மாற்றித் தந்த காரைக்குடி நிலையம்

புதுவயலில் உள்ள எங்கள் அரிசி ஆலையின் எடைமேடை இன்றும் குறையில்லாமல் எடை காட்டுகிறது. அந்த எடையைப் படித்துச் சீட்டு அச்சிட்டு வந்த விண்டோஸ் 98 கணினிதான் சென்ற மார்கழியில் நின்றுபோனது. மென்பொருள், விண்டோஸ் 3.1 காலத்தில் எழுதப்பட்ட 16 பிட் நிரல் என்பதால், புதிதாக வாங்கிய 64 பிட் விண்டோஸில் திறக்கவே இல்லை. முதலில் விசாரித்த இடத்தில், எடையை எண்ணாகக் காட்டிக் கணினிக்கு அனுப்பும் இண்டிகேட்டர் உட்பட எல்லாவற்றையும் புதிதாக வாங்கச் சொன்னார்கள். மென்பொருளின் மூல நிரல், அதாவது அதை எழுதியவர் எழுதிய வரிகள், கைவசம் இருந்ததால், காரைக்குடியில் இரண்டு இளைஞர்கள் நடத்தும் இந்த மென்பொருள் நிலையத்துக்கு அதை எடுத்துச் சென்றேன்.

இண்டிகேட்டரின் கம்பி கணினியில் சேரும் சீரியல் போர்ட்டைத் திறக்க ஓப்பன்காம், படிக்க ரீட்காம், எழுத ரைட்காம் என்று அன்றிருந்த கட்டளைகள், பின்னால் வந்த விண்டோஸின் கட்டளைத் தொகுப்பான வின்32-இல் கிடையாது. கோப்புகளுக்குரிய கிரியேட்ஃபைல், ரீட்ஃபைல், ரைட்ஃபைல் ஆகியவற்றைக் கொண்டே போர்ட்டையும் கையாள வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் வேலை முடியாது என்பதை இவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பழைய ரீட்காம், வந்து சேர்ந்திருப்பதை எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடும். ரீட்ஃபைலோ, செட்காம்டைம்அவுட்ஸ் மூலம் காத்திருப்பு நேரத்தை வரையறுக்காவிட்டால், கேட்ட எழுத்துகள் அத்தனையும் வரும்வரை நிரலை அப்படியே நிறுத்தி வைத்துவிடக்கூடும்.

சோதனை நாளில், 12,450 கிலோ காட்டிய நெல் லாரிக்குத் திரையில் 450 என்று வந்தபோது எனக்குப் பகீரென்றது. இண்டிகேட்டர் அனுப்பும் எண்வரிசை ஒரே வாசிப்பில் முழுவதும் வந்துவிடும் என்று எழுதியிருந்த பகுதியே அதற்குக் காரணம். வரி முடிவைக் குறிக்கும் எழுத்து வரும்வரை சேர்த்துவைத்து, பிறகே எடையாகக் கொள்ளும்படி என் எதிரிலேயே திருத்தினார்கள். அதன்பின் ஒரு சீட்டிலும் பிழை இல்லை.

புதிய கணினியில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இல்லாததால், யூஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாக்கும் மாற்றிக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அதற்கு விண்டோஸில் காம்11 என்ற போர்ட் எண் கிடைத்தது. ஒன்பதுக்கு மேற்பட்ட எண்ணாக இருந்தால், பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு சேர்க்காமல் போர்ட் திறக்காது. அதையும் கவனித்துச் செய்திருந்தார்கள்.

குறை ஒன்று உண்டு. மூன்று நாள் என்று சொன்ன வேலை பதினொரு நாள் இழுத்தது. தை அறுவடை நேரத்தில் லாரிகள் வரிசையில் நிற்க, எங்கள் கணக்கப்பிள்ளை எல்லாச் சீட்டையும் கையால் எழுதினார். வேலையின் தரத்துக்காக மீண்டும் இவர்களிடமே போவேன். ஆலை வைத்திருப்பவர்கள் ஐப்பசியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. திருத்திய மூல நிரலையும், எந்தப் பழைய கட்டளைக்கு எந்தப் புதியது என்ற பட்டியலையும் நாம் கேட்காமலே தருகிறார்கள்.