பிளாஸ்டிக் அட்டையும் இ-விசாவும்: பிரிட்டன் செல்லும் மாணவருக்கு எது கைகொடுக்கிறது?

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார்கள். அக்கா மகன் 2022 செப்டம்பரிலும், தம்பி மகள் 2025 செப்டம்பரிலும் கிளம்பினார்கள். இருவரும் பெற்றது ஒரே மாணவர் விசாதான். ஆனால் அவன் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவள் பாஸ்போர்ட்டில் எதுவுமே இல்லை. இந்த மூன்றாண்டு இடைவெளியில் பிரிட்டன் தன் குடிவரவு ஆவணங்களைத் தாளிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் பெரும்பாலும் இணையக் கணக்குக்கு மாற்றிவிட்டது. இரண்டு முறைகளையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் அவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

பழைய முறையில் விசா இரண்டு கட்டங்களாகக் கைக்கு வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் 90 நாள்களுக்கு மட்டுமே செல்லும். அது நாட்டுக்குள் நுழைவதற்கான சீட்டு. உண்மையான அனுமதி பி.ஆர்.பி. எனப்படும் பிளாஸ்டிக் அட்டையில் இருந்தது. அதை அங்கு போய்ச் சேர்ந்த பத்து நாள்களுக்குள் குறிப்பிட்ட அஞ்சலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ பெற்றுக்கொள்ள வேண்டும். விமானச் சீட்டு கிடைக்காமலோ வீட்டில் ஏதேனும் துக்கம் நேர்ந்தோ அந்த 90 நாள்கள் கடந்துவிட்டால், மீண்டும் கட்டணம் செலுத்தி, கைரேகை கொடுத்து, புதிய ஸ்டிக்கர் வாங்க வேண்டியிருந்தது. அட்டை தொலைந்துவிட்டால் மூன்று மாதங்களுக்குள் புதியதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம் என்று விதி இருந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் அட்டையைத் தொலைத்தவர்கள் திரும்பிச் செல்வதற்கென்றே தனியாக ஒரு விசா எடுக்க வேண்டியிருந்தது.

புதிய முறையில் ஸ்டிக்கரும் இல்லை, அட்டையும் இல்லை. 2025 ஜூலை 15 முதல் பெரும்பாலான மாணவர்களுக்கும் பணி விசா பெறும் முதன்மை விண்ணப்பதாரர்களுக்கும் இ-விசா மட்டுமே வழங்கப்படுகிறது. தம்பி மகள் சென்னையிலுள்ள விண்ணப்ப மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு வந்தாள். பின்னர் முடிவு மின்னஞ்சலில் வந்தது. யு.கே.வி.ஐ. எனப்படும் பிரிட்டன் விசாத் துறையின் இணையக் கணக்கைத் திறந்து அதில் தன் பாஸ்போர்ட்டை இணைத்ததும், விசாவின் தொடக்க நாள், முடிவு நாள், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வேலை செய்யலாம் என்பன திரையில் தெரிந்தன. அத்துடன் வேலை முடிந்தது. ஸ்டிக்கருக்காகப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டிய அவசியம் நீங்கியது என்பதை மட்டும் வைத்துப் பார்த்தாலே இது பெரிய வசதிதான்.

ஆனால் ஆவணத்தின் அருமை அதை யாராவது கேட்கும்போதுதான் தெரிகிறது. முதலில் கேட்பவர் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் இருப்பவர். அக்கா மகன் சென்ற நாளில் அந்த ஊழியர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், ஸ்டிக்கரைப் பார்த்தார், போர்டிங் பாஸைக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தம்பி மகள் நின்ற கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டின் பக்கங்களை முன்னும் பின்னுமாக மூன்று முறை புரட்டிவிட்டு, “விசா பக்கம் எங்கே?” என்று கேட்டிருக்கிறார்கள். இ-விசா என்று சொன்னதும் அச்சிட்ட நகலைக் கேட்டிருக்கிறார்கள். அவள் விமான நிலையத்திலிருந்தே எனக்கு அழைத்து, “பெரியப்பா, பிரின்ட் அவுட்தான் கேட்கிறார்கள், என்ன செய்வது?” என்றாள். மேற்பார்வையாளர் வந்து கணினியில் சரிபார்த்த பிறகே அனுப்பினார்கள். பிரிட்டனின் உள்துறை அமைச்சகத்தோடு இணைந்த அமைப்பின் வழியாகப் பயணியின் நிலையை விமான நிறுவனமே பார்த்துக்கொள்ள முடியும் என்பது ஏட்டளவில் சரி. கவுன்ட்டரில் நிற்பவருக்கு அது பழக்கமாகும் வரை, விமான நிலையத்தில் ஸ்டிக்கரே வெல்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அடுத்து கேட்பவர்கள் வேலை தருபவரும் வீட்டு உரிமையாளரும். இங்கே நிலைமை தலைகீழாக மாறுகிறது. பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 6 முதலே வேலை உரிமைக்குப் பி.ஆர்.பி. அட்டையை நேரில் காட்டுவது செல்லாது என்றாகிவிட்டது. அந்த அட்டை வைத்திருப்பவரின் உரிமையை முதலாளி இணையத்தில்தான் சரிபார்க்க வேண்டும். ஆகவே அக்கா மகன் அவ்வளவு பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்த அட்டை, அவன் லண்டனில் இறங்குவதற்கு முன்பே பாதி உயிரை இழந்திருந்தது. பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தபோது அவன் கொடுத்ததும் இணையத்தில் எடுத்த ஷேர் கோடுதான். தம்பி மகள் கொடுப்பதும் அதுதான். ஒன்பது எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீடு 90 நாள்களுக்குச் செல்லும். அதையும் பிறந்த தேதியையும் உள்ளிட்டால், வேலை கொடுப்பவருக்கு வேலை உரிமை பற்றிய விவரம் மட்டும் தெரியும். இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுக்க வேறொரு குறியீடு. முன்பு அட்டையை நகலெடுத்துக் கொடுத்தால் அதிலிருந்த அத்தனை விவரங்களும் யாரோ ஒருவரின் மேசை இழுப்பறையில் கிடந்தன. இப்போது கேட்டவருக்குத் தேவையானது மட்டும் போகிறது. இந்த ஒன்றில் இ-விசாவை மெச்சத்தான் வேண்டும்.

தொலைந்துபோகும் அச்சம் இ-விசாவில் இல்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் தொலையும் பொருள்தான் மாறியிருக்கிறது. இப்போது தொலையக்கூடியது கணக்கின் சாவி. நம் ஊரில் மாணவர் விசா விண்ணப்பங்களில் பலவற்றைக் கன்சல்டன்சிகளே நிரப்பிக் கொடுக்கின்றன. அப்போது தங்கள் அலுவலக மின்னஞ்சலையே கொடுத்துவிடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. தம்பி மகளுக்கு அமைந்த கன்சல்டன்சியும் அப்படித்தான் செய்தது. கணக்குக்குள் நுழைவதற்கான பாதுகாப்புக் குறியீடு அந்த அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்க, இவள் ஒவ்வொரு முறையும் அவர்களை அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிய பிறகே எங்களுக்கு நிம்மதி வந்தது. இந்திய சிம் எண்ணை மட்டும் பதிவு செய்துவிட்டு, அங்கே போய் ரோமிங் இல்லாமல் தவிப்பவர்களுக்கும் இதே கதைதான். படிப்பு முடிந்ததும் மூடப்படும் பல்கலைக்கழக மின்னஞ்சலும் இதற்கு உதவாது.

பாஸ்போர்ட் புதுப்பித்தலில் இன்னொரு பொறி இருக்கிறது. அட்டைக் காலத்தில் புதிய பாஸ்போர்ட்டையும் பழைய அட்டையையும் சேர்த்துக் காட்டிப் பயணம் செய்துவிடலாம். இ-விசா பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்திருப்பதால், புதிய எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விமான நிலையம் போனால், கணினி இவரை விசா இல்லாதவர் என்றே காட்டக்கூடும்.

தரவுத்தளத்திலேயே பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி. அட்டையில் பெயர் தவறாக அச்சாகியிருந்தால், கையில் வாங்கியதும் கண்ணில் படும். இ-விசாவில் வேறொருவரின் படமும் விவரமும் தோன்றியதாகவும், தேவையான நேரத்தில் கணக்கே திறக்கவில்லை என்றும் புகார்கள் வெளிவந்திருக்கின்றன. பழைய அட்டைகளில் பலவற்றில், விசா அதற்குப் பிறகும் நீடிக்கும் நிலையிலும், 2024 டிசம்பர் 31 என்றே முடிவுத் தேதி அச்சிடப்பட்டிருந்தது. மாற்றம் சீராக நடக்காததால், காலாவதியான அட்டைகளைப் பயணத்துக்கு முதலில் 2025 மார்ச் 31 வரையிலும், பிறகு ஜூன் 1 வரையிலும் ஏற்க வேண்டியதாயிற்று.

இதனால் தாள்தான் பாதுகாப்பு என்று முடிவுகட்ட முடியுமா? அமெரிக்காவில் மாணவர்கள் இன்றும் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கரும் கையில் கல்லூரி தரும் ஐ-20 படிவமும் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2025 வசந்த காலத்தில், செவிஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் திடீரென முடிவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அந்தத் தாள் யாரையும் காக்கவில்லை. வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் இறுதியில் பதிவுகளை மீட்டுத் தருவதாக அரசு அறிவித்தது. பிரிட்டனிலேயே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய வின்ட்ரஷ் தலைமுறையினர் வந்திறங்கியதற்குச் சான்றான சீட்டுகளை உள்துறை அமைச்சகம் 2010-இல் அழித்திருந்தது 2018-இல் வெளிப்பட்டது, அவையும் தாள்தான். அலுவலகத்தின் ஏட்டில் இருப்பதே எங்கும் முடிவானது. கையில் ஒரு நகல் இருந்தால், ஏடு தவறும்போது எதிர்த்துப் பேச ஒரு பிடி கிடைக்கிறது, அவ்வளவே.

அந்தப் பிடியைக் கொடுத்துக்கொண்டே ஸ்டிக்கரைக் கைவிட முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அந்நாடு 2015 செப்டம்பர் 1 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. ஆனால் விசா கிடைத்ததும் நிபந்தனைகளும் அனுமதி எண்ணும் கொண்ட கடிதம் மாணவருக்கு வருகிறது; வீவோ என்ற இணையச் சேவையில் அந்த விவரங்களை மாணவரும், அவர் சம்மதித்தால் பதிவுபெற்ற நிறுவனங்களும் சரிபார்த்துக்கொள்ளலாம். பிரிட்டனின் இ-விசாவோ ஒவ்வொரு முறையும் இணையத்தில் அப்போதைக்கப்போது திரையில் எழுப்பப்படுவது. அதை அச்சிட்டாலும் அந்தத் தாள் அதிகாரபூர்வ சான்றாகாது. இணைய இணைப்பு இல்லாதபோதும் சரிபார்க்கத்தக்க கியூ.ஆர். குறியீடு ஒன்றைக் கொடுத்துவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

இன்றைய நிலையில் இ-விசாவா அட்டையா என்று என்னைக் கேட்டால், கணக்கின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் மாணவரின் சொந்தக் கையில் இருக்கும் பட்சத்தில் இ-விசாவே மேல் என்பேன். தம்பி மகள் ஊருக்கு வந்து திரும்பும்போது, அதிகாரபூர்வ சான்றாகாது என்று தெரிந்தும், கணக்குப் பக்கத்தை அச்சிட்டு, அதன் தலைப்பில் புதிய ஷேர் கோடைப் பேனாவால் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்கிறாள். அக்கா மகனின் காலாவதியான அட்டை, பின்னாளில் பயன்படலாம் என்று உள்துறை அமைச்சகமே பத்திரப்படுத்தச் சொன்னதால், அக்காவின் பீரோவில் ரேஷன் கார்டோடு சேர்ந்து இருக்கிறது.