காம்பினேஷன் மெஷினா, தனி ஜாயிண்டரும் தனி பிளானருமா?

ஜாயிண்டர் பலகையின் ஒரு முகத்தையும் விளிம்பையும் மட்டமாக்கும்; பிளானர் தடிமனைச் சீராக்கும்; இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது காம்பினேஷன் மெஷின். 6 அங்குல அகலம் சீவும் ஜாயிண்டர், 13 அங்குல திக்னஸ் பிளானர். தனித்தனியாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஜோடியில்தான் வந்து நிற்கிறார்கள். பொருத்தமில்லாத ஜோடி. 9 அங்குலப் பலகையை பிளானர் வாங்கிக்கொள்ளும், ஜாயிண்டரில் ஏறாது. மட்டமாக்காமல் நேரே பிளானரில் விட்டால் உருளைகள் வளைவை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சீவும்; வெளியே வந்ததும் பலகை பழைய வளைவுக்கே போய்விடும். தடிமன் சீராக இருக்கும், கோணலும் அப்படியே இருக்கும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. பலகையை நடுவில் அறுத்து, இரு பாதியையும் இழைத்து, மறுபடி ஒட்டலாம். நல்ல ரேகையுள்ள பலகையை அறுக்க யாருக்கும் மனம் வராது. அல்லது தட்டையான எம்.டி.எஃப். மேல் வைத்து, ஆடும் இடங்களில் மெல்லிய ஆப்புகளைச் செருகி, ஹாட் க்ளூவால் நிறுத்தி, அதோடு சேர்த்தே பிளானரில் விடலாம். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் புதிதாக ஆப்பு வைக்க வேண்டும். நாலு பலகைக்குச் சரி, நாற்பதுக்கு ஆகாது.

காம்பினேஷன் மெஷினின் உண்மையான பலம் இங்கேதான். இடம் மிச்சம் என்பதெல்லாம் அப்புறம். மேலே ஜாயிண்டர், அடியில் பிளானர், நடுவில் ஒரே கட்டர் ஹெட், அதாவது பிளேடுகளோடு சுழலும் தண்டு. 12 அங்குல மெஷின் என்றால் இரண்டு வேலைக்கும் 12 அங்குலம். சின்னச் சின்னக் கார்பைடு பிளேடுகளைச் சுருளாகப் பதித்த ஸ்பைரல் ஹெட் போடுவதானாலும் ஒன்றுக்குத்தான் செலவு. ஒரு ஆணி சிக்கினால் இரண்டு வேலையிலும் கோடு விழும் என்பது இதன் மறுபக்கம். ஸ்பைரல் ஹெட்டில் அடிபட்ட சின்ன பிளேடை மட்டும் திருப்பிப் போட்டால் போதும். நேர் பிளேடு என்றால் ஒன்றை மட்டும் பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்த்தினால் கோடு மறையும்.

மாற்றுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம்தான். ஃபென்ஸை (பலகையை அணைத்துத் தள்ளும் பக்கத் தடுப்பு) ஒதுக்கி, பூட்டை விடுவித்து, ஜாயிண்டர் மேசைகளைத் தூக்கி, தூசிக் கூண்டைத் திருப்பி, பிளானரின் அடிமேசையை ஏற்ற வேண்டும். எரிச்சல் இந்த நேரத்தில் இல்லை. ஜாயிண்டருக்குத் திரும்பும்போது கூண்டு மடங்க இடம் வேண்டும், அதற்காக அடிமேசையை இறக்கியாக வேண்டும். அதோடு வைத்திருந்த தடிமன் போய்விடும். மேசைக்கு நாலு காலையும் 45 மி.மீ.க்கு முடித்தபின் ஒன்று வெடித்துவிட்டால், ஐந்தாவதை அச்சாக அதே அளவுக்குக் கொண்டுவர ஸ்கேலை மட்டும் நம்ப முடியாது. டிஜிட்டல் அளவி வேண்டும். கடைசித் திருகலை எப்போதும் மேசையை ஏற்றும் திசையிலேயே முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகின் தளர்ச்சி அளவைக் கெடுக்கும். எல்லாவற்றையும் விடச் சுலபம், எல்லாத் துண்டுகளையும் ஜாயிண்டரில் முடித்துவிட்டு, உபரியாக ஒன்றையும் சேர்த்து மொத்தமாக பிளானருக்குப் போவது.

ஆனால் மரத்தை முதலில் 2 மி.மீ. கூடுதல் தடிமன் விட்டு இழைத்து, சில நாள் அடுக்கி வைத்து, அது வளைந்து அடங்கியபின் மறுபடி மட்டமாக்குபவர்களுக்கு இந்த மாற்றல் இரட்டிப்பாகும். அவர்களுக்கும், இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் பட்டறைக்கும் தனி மெஷின்கள்தான் சரி.

கதவு, ஜன்னல் சட்டம் செய்பவர்களுக்கும் அப்படியே. காம்பினேஷனில் மேசைகள் குட்டை. பலகையை உள்ளே தள்ளும் பக்கத்து முன்மேசை 70 செ.மீ. என்றால், 2.1 மீட்டர் கதவுச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு தொடக்கத்தில் வெளியே தொங்கும். அந்தக் கனம் முன்முனையைத் தூக்கும். விளிம்பு நேராகாமல் வளைவையே பின்தொடரும். ரோலர் ஸ்டாண்ட் உதவும், உயரம் மேசைக்கு மிகச் சரியாக இருந்தால். 8 அங்குலத் தனி ஜாயிண்டரின் நீண்ட மேசையில் இந்தப் போராட்டம் வெகுவாகக் குறையும்.

தனியாள் பட்டறை, அகலப் பலகை, மேசை அலமாரி வேலை என்றால் காம்பினேஷன்தான் என் தேர்வு. ஆனால் வாங்குமுன், முக்கியமாகப் பழைய மெஷின் என்றால், மேசைகளைத் தூக்கி இறக்கும் கீலைச் சோதித்தே ஆக வேண்டும். இரு மேசைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து பூட்டி, 1 மீட்டர் நேர்கோல் ஒன்றை இரண்டின் மேலும் படும்படி வைத்து, அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். மேசைகளைத் தூக்கி இறக்கிப் பூட்டி மறுபடி பாருங்கள், மூன்று தடவையாவது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே அளவு இடைவெளி தெரிந்தால் திருகில் சரிசெய்யலாம். தடவைக்குத் தடவை மாறினால் கீலோ பூட்டோ தேய்ந்திருக்கிறது. அந்த மெஷின் வேண்டாம்.