துன்ஹிந்தவா, பம்பரகந்தவா, தியலுமவா?

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சொந்தக்காரர்கள் ஊவா மாகாணப் பக்கம் வந்தால் முதலில் கேட்பது, "ஆக உயரமான நீர்வீழ்ச்சி எது?" என்றுதான். பதில் லேசு. பம்பரகந்த, 263 மீற்றர்; இலங்கையிலேயே அதுதான் உயரம். அடுத்தது தியலும, 220 மீற்றர். துன்ஹிந்த வெறும் 64. ஆனால் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்து போய் நீர்வீழ்ச்சி பார்க்கவேண்டும் என்று வருகிறவர்களை நான் முதலில் அனுப்புவது துன்ஹிந்தவுக்குத்தான்.

காரணம், அங்கே ஓடுகிற ஆறுதான். பதுளைச் சுற்றுவட்டாரத்து மலைத் தண்ணீரெல்லாம் சேர்ந்து வருகிற பதுளு ஓயாவே அங்கே விழுகிறது. அதனால் வெயில் காலத்திலும் ஏமாற்றம் குறைவு. பம்பரகந்தவில் விழுவது குட ஓயா என்கிற சிறிய ஓடை. மழை பின்வாங்கினால் அவ்வளவு பெரிய பாறையில் வெள்ளை நூல் ஒன்றுதான் தொங்கும். காற்று அடித்தால் அதுவும் பாதி வழியில் தூறலாகப் பறந்துவிடும். ஓகஸ்ட் விடுமுறையில் வந்து, "போட்டோவில் பார்த்தது இதுவா?" என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வரவேண்டும். ஒக்டோபருக்குப் பிறகு, வருடக் கடைசி மழை இறங்கியதும், மூன்றுமே வேறு மாதிரி.

துன்ஹிந்த பதுளை டவுனிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில், மஹியங்கனை வீதியில் இருக்கிறது. டிக்கெட் எடுத்துக்கொண்டு சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்கவேண்டும். பாதை ஒரு பக்கம் மலையை ஒட்டியே போகும். மறுபக்கம் பள்ளத்தில் ஆற்றுச் சத்தம் கூடவே வரும். வழியில் குட துன்ஹிந்த என்கிற சின்ன அருவியும் தெரியும். இடையிடையே கடைகள். கருப்பட்டித் துண்டோடு ஒரு கோப்பை பெலிமல் (வில்வப்பூ அவித்த பானம்) குடித்துவிட்டு நடந்தால் கால் வலி தெரியாது. உப்புத்தூள் தூவிய மாங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் மட்டும் குரங்குக்குப் பங்கு கொடுக்க நேரிடும். கடைசியில் செங்குத்தாகப் படி இறங்கிப் பார்வை மேடைக்குப் போனால், அருவியின் சாரல் மேடை வரைக்கும் வரும். கண்ணாடி போட்டவர்கள் துடைத்துத் துடைத்துத்தான் பார்க்கவேண்டும். போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொள்வது நல்லது.

குறையும் இருக்கிறது. அந்த ஆறு பதுளை டவுனைத் தாண்டித்தான் அருவிக்கு வருகிறது. ஆகவே வாயில் வைக்கிற தண்ணீர் அல்ல. கீழே உள்ள குளம் குளிக்க ஏற்றதும் அல்ல. லீவு நாட்களில் கூட்டமும் சத்தமும் வேறு. திரும்பும்போது அந்தப் படிகளை ஏறவேண்டும் என்பதை முழங்கால் நோவு உள்ள அம்மாமார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் வேண்டாம் என்றால் பம்பரகந்த. கொழும்பு - பதுளை பஸ்ஸில் வந்து கலுபஹனவில் இறங்கி, ஒடுங்கிய மலைப் பாதையில் நாலைந்து கிலோமீற்றர் ஆட்டோவில் ஏறவேண்டும். அதன்பிறகு நடை கொஞ்சம்தான். பைனஸ் மரங்களுக்கிடையே போகும்போது உதிர்ந்த ஊசி இலை கால் அடியில் மெத்தை மாதிரி இருக்கும். நனைந்திருந்தால் அதைவிட வழுக்குகிற இடம் கிடையாது. இறப்பர் செருப்போடு போகாதீர்கள். அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால்தான் 263 மீற்றர் என்பது என்னவென்று உறைக்கும். நடைக்காகப் போனால் சப்பென்று இருக்கும். பார்ப்பதற்கென்றே போகிற இடம் அது.

தியலுமவை இரண்டு இடமாகவே எண்ணிக்கொள்ளலாம். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய போகும் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே அருவி, நடையே இல்லை. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது போதும். இளைஞர்கள் போவதெல்லாம் மேலே இருக்கும் குளங்களுக்கு. பூனாகலைப் பக்கமாகச் சுற்றி வாகனத்தில் ஏறி, ஆள் உயர மானாப்புல்லுக்குள் இறங்கவேண்டும். குளிப்பதற்கு மூன்றிலும் அதுதான் அருமையான இடம். எனக்குப் பயம் தருகிற இடமும் அதுதான். குளத்துக்கு அப்பால் சில அடியில் பாறை முடிந்து 220 மீற்றர் பள்ளம் தொடங்குகிறது. வேலி எதிர்பார்க்கக் கூடாது. நமக்கு மேலே வெயில் அடிக்கும்போதே மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை ஓடையில் வந்து சேர்ந்துவிடும். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள், செல்பி அப்புறம் எடுக்கலாம். ஊர்ப் பையன் ஒருவனைக் காசு கொடுத்துக் கூட்டிப்போனால் எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்று சொல்வான். பிள்ளைகளோடு அங்கே போகிறோம் என்றால் நான் சரி சொல்லமாட்டேன்.

மழைக்காலத்தில் அருவி நிறையும், மலையும் இளகும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தவில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மண் மூடியது இதே கொஸ்லந்தைப் பக்கத்தில்தான். மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் மூன்றில் எதற்கும் போகவேண்டாம்.

அட்டைக் கடி விஷயம் சின்னது: காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம்.

ஒரே நாளில் இரண்டு பார்க்கவேண்டும் என்றால் காலையில் பம்பரகந்த, பிறகு பெரகலைச் சந்தியால் திரும்பித் தியலும அடிவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துன்ஹிந்தவுக்கு முதல் நாளே பதுளையில் தங்கி, கடைக்காரர்கள் அடுப்பு மூட்டுகிற நேரத்துக்குப் போய்விட்டால் பாதை முழுக்க உங்களுடையது.