சென்னை ஓஎம்ஆர் ஃபிளாட்டா, திருப்பூர் லைன் வீடா? வாடகைக்குன்னு முதல்ல எத வாங்கலாம்

கையில ஒரு 15 லட்சம் இருக்கு, மீதிக்கு லோன் போட்டு 60 லட்சத்துக்குள்ள வாடகை வர்ற மாதிரி எதாவது வாங்கணும்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இது. நாங்க ரெண்டையும் பாத்துட்டு திருப்பூர்ல பழைய லைன் வீடு (ஒரே மனையில வரிசையா சின்னச் சின்ன வீடா கட்டி வாடகைக்கு விடுறது) ஒண்ணு வாங்கிட்டோம், அதனால என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும், முன்னாடியே சொல்லிடுறேன்.

பொதுவா இருக்குறத சட்டுனு முடிச்சுடலாம். பழசா வாங்குனா ரெண்டுக்குமே பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். கட்டிட்டு இருக்குற ஃபிளாட்னா ஜிஎஸ்டி தனி. வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் வக்கீல்கிட்ட காட்டாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. வருமான வரிக் கணக்குல வாடகையில 30 சதவீதம் கழிவு ரெண்டுக்கும் உண்டு. "லோன் வட்டிய காட்டி டேக்ஸ் மிச்சம் பண்ணலாம் சார்"னு ஃபிளாட் விக்கிறவங்க சொல்லுவாங்க, ஆனா நீங்க புது வரிமுறையில இருந்தா, வாடகைய விட வட்டி அதிகமாகி வர்ற நஷ்டத்த சம்பளத்துல கழிக்கவே முடியாது.

இப்ப கணக்கு. ஓஎம்ஆர்ல நாவலூர் பக்கம் நாங்க பாத்த டபுள் பெட்ரூம் 60 லட்சம், வாடகை 18 ஆயிரம், அதுல மெயின்டனன்ஸ் 4 ஆயிரம் போக கைக்கு 14. லைன் வீடும் கிட்டத்தட்ட அதே விலைதான், 3 சென்ட்ல கீழ மூணு மேல மூணுன்னு ஆறு வீடு, ஒண்ணு 4,500, மொத்தம் 27 ஆயிரம். 45 லட்சம் லோனுக்கு எட்டரை வட்டியில 20 வருஷம்னா இஎம்ஐ 39 ஆயிரம் கிட்ட வரும். ரெண்டுலயும் வாடகை இஎம்ஐய தொடாது, ஆனா மாசம் கையிலிருந்து 25 போடுறதும் 12 போடுறதும் ஒண்ணா?

எனக்கு முடிவு பண்ண வெச்சது இந்தக் கணக்குகூட இல்ல, வீடு காலியா கிடக்குற மாசம்தான். ஃபிளாட்ல ஆள் காலி பண்ணிட்டா வருமானம் பாதி ஆகாது, நேரா பூஜ்யம், அதுக்கு மேல அந்த 4 ஆயிரம் மெயின்டனன்ஸும் லிஃப்ட் ஓடுதோ இல்லையோ நீங்கதான் கட்டணும், புது ஆள் வர்ற வரைக்கும் புரோக்கர், பெயிண்டிங், கிளீனிங்னு காசு போயிட்டே இருக்கும். அதுவும் அங்க வாடகைக்கு வர்றவங்க பெரும்பாலும் ஐடி ஆளுங்க, கம்பெனி மாறுனா ஏரியா மாறுவாங்க, 2020ல வீட்டுலேந்தே வேலைன்னு ஆனதும் எத்தன பேரு ஊருக்குப் போயிட்டாங்கன்னு அங்க வீடு வெச்சிருந்தவங்களக் கேட்டாத் தெரியும். லைன்ல ஒரு வீடு காலின்னா போறது 4,500தான், மீதி அஞ்சு வீட்டு வாடகை வந்துடும். கேட்டுல டூலெட் அட்டை தொங்கவிடக்கூட வேண்டியதில்ல, உள்ள இருக்குறவங்களே "அண்ணா எங்க கம்பெனில டைலர் ஒருத்தர் வீடு தேடுறாரு, கூட்டிட்டு வரட்டுங்களா"ன்னு கேப்பாங்க.

சும்மாவும் வராது அந்த 27 ஆயிரம். ஆறு வீட்டுக்கும் ஒரே போர், ஒரே மோட்டார், மேல ஒரு டேங்க். மோட்டார யாரு போடுறது, யாரு வீட்டுல துவைக்கிறப்ப தண்ணி காலியாச்சுன்னு வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து. நாங்க மோட்டார் சுவிட்ச கீழ முதல் வீட்டு அக்கா பொறுப்புல விட்டு வாடகைல 300 கொறச்சதும்தான் அது அடங்குச்சு. உப்புத்தண்ணிங்கறதால குழாயெல்லாம் வெள்ளையா படிஞ்சு திருக வராது, மாத்திட்டே இருக்கணும். செப்டிக் டேங்க் லாரியும் ஃபிளாட்ட விட அடிக்கடி கூப்பிடணும். ஈபி மீட்டர் வீட்டுக்கு ஒண்ணு தனித்தனியா இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, ஒரே மீட்டர்ல சப்மீட்டர் போட்டு ஓட்டுனா குடியிருக்கறவங்களுக்கு ஆளுக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்காது, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா சண்ட நிச்சயம்.

விக்கிறதப் பத்தி நான் பெருசா பேச முடியாது, இன்னும் வித்ததில்ல. ஃபிளாட்டுக்கு பேங்க் லோன் ஈசியா கிடைக்கும், லைனுக்கு மனை அப்ரூவல், பிளான்னு ஆயிரம் கேப்பாங்க, அதனால வாங்க வர்ற ஆளும் கம்மியாத்தான் இருப்பாங்கன்னு தோணுது. ஆனா 3 சென்ட் மண்ணு முழுசா என் பேர்ல இருக்கு, ஃபிளாட்ல வர்ற யுடிஎஸ்ஸ (பிரிக்காத மனைப் பங்கு) வெச்சு தனியா ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னொண்ணு, திருப்பூர் பனியன் ஆர்டர நம்பித்தான் நிக்குது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப எங்க லைன் காலியாகல, ஆனா ரெண்டு வீட்டுல வாடகை லேட்டாச்சு. ஆர்டர் ரொம்ப நாள் படுத்துட்டா ஆறு வீடும் ஒண்ணாவே காலியாகலாம், அப்ப நான் மேல சொன்ன அஞ்சு வீட்டுக் கணக்கு நிக்காது. அதே மாதிரி நீங்க துபாய்லயோ பெங்களூர்லயோ இருந்துட்டு, ஊர்ல மாசாமாசம் போய் பாக்க அப்பாவோ மச்சானோ இல்லன்னா, லைன் வீட்ட விட்டுட்டு ஃபிளாட்டுக்கே போங்க.