மதுரையைச் சுற்றிப் பார்க்க: கைடா, ஆட்டோவா, நடையா?

ஊர் பார்ப்பதற்கென்றே மதுரைக்கு நான்கு முறை போயிருக்கிறேன். அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வேனில் ஒரு தடவை, கோயில் வாசலில் கைடு பிடித்து இரண்டு தடவை, விடிகாலையில் ஒரு நடைக்குழுவோடு ஒரு தடவை. நடுநடுவே ஆட்டோவும் உண்டு. "எதுல போனா நல்லது?" என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்கு மதுரையில் இறங்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். பதினொன்றரைக்கு வந்து சேருபவருக்கு எவ்வளவு நல்ல கைடு கிடைத்தும் பயனில்லை.

வேன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். காலையில் கோயில், பிறகு திருமலை நாயக்கர் மகால், சாப்பாடு, காந்தி மியூசியம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில் என்று ஒரே நாளில் எல்லாம். வயதானவர்களுக்கு இதுதான் சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கோயிலுக்குள் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். அதில் முக்கால்வாசி தரிசன வரிசையிலேயே போனது. பெரியம்மாவுக்கு அது போதும், அவர் வந்ததே தரிசனத்துக்குத்தான். எனக்கு ஒரு தூணைக்கூட நின்று பார்த்த ஞாபகம் இல்லை.

அடுத்து கைடு. முதல் தடவை பிடித்தவர் நாற்பது நிமிடத்தில் கோயிலை முடித்தார். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் உண்மையில் 985தான் என்பதை ஏதோ அரண்மனை ரகசியம் போலக் காதோரம் சொன்னார். அப்புறம், "மாடியில ஏறினா நாலு கோபுரமும் ஒண்ணா தெரியும் சார், காசு வேண்டாம்" என்று வெளியே ஒரு கைவினைப் பொருள் கடைக்குக் கூட்டிப் போனார். கோபுரங்கள் நன்றாகவே தெரிந்தன. இறங்கி வரும் வழி முழுக்கக் கம்பளமும் சந்தன யானையும். வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

இரண்டாவது ஆள் வேறு ரகம். அடையாள அட்டையைக் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துக் காட்டினார். கையில் சின்ன டார்ச். கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பத்துக்கு முன்னால் நிறுத்தினார். பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்கிறார், எதிரே சுந்தரேசுவரர், நடுவில் மீனாட்சி. டார்ச்சை அம்மன் முகத்துக்குக் கொண்டுபோய், "தலையை மட்டும் பாருங்கண்ணே. திக்விஜயம் போய் எல்லாரையும் ஜெயிச்சுட்டு வந்த பொண்ணு. இங்க மட்டும் குனிஞ்சு நிக்குது" என்றார். அந்த வெளிச்சம் இல்லாமல் அதே சிற்பத்தை அதற்கு முன் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். அன்று அந்த ஒரு மண்டபத்தில் மட்டும் இருபது நிமிடம் நின்றோம்.

இரண்டு பேருக்கும் கொடுத்த தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இப்போதெல்லாம் நான் காசுக்குப் பேரம் பேசுவதில்லை, நேரத்துக்குப் பேசுகிறேன். "ரெண்டு மணி நேரம் வேணும், கடை எதுக்கும் போக வேண்டாம்" என்று சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கைடுக்குப் பதில் போனில் ஆடியோ விளக்கம் கேட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஆக, அதிகம் விளக்கம் தேவைப்படும் இடத்திலேயே அது கைவிட்டுவிடும். திருமலை நாயக்கர் மகாலுக்கு வேண்டுமானால் உதவும். 1636இல் கட்டிய அரண்மனையில் இப்போது நிற்பது கால்வாசிதான், பேரன் சொக்கநாத நாயக்கர் இதைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பது போன்ற விஷயங்களைத் தூணில் சாய்ந்துகொண்டு கேட்கலாம்.

என்னைக் கேட்டால் மதுரைக்கு ஏற்றது நடைதான். இந்த ஊரின் அமைப்பே அப்படி. கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். ஆட்டோவில் போனால் ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றி இது புரியவே புரியாது. நடந்தால் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

நான் போன குழுவில் எட்டுப் பேர். விளக்குத்தூணில் ஆரம்பித்தோம். அந்தத் தூண் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிற்கிறது. 1840 வாக்கில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரியவிட்டவர் அவர். அந்த வேலையில் கூட இருந்தவர்களின் பெயர்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். இத்தனை வருஷமாகப் பஸ்ஸில் கேட்ட பெயர்கள், அவை ஆட்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அங்கிருந்து பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையின் மிச்சமாகப் பத்துக் கருங்கல் தூண்கள், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. கடைகள் திறக்காத நேரம் என்பதால் முழுசாகப் பார்க்க முடிந்தது. பத்து மணிக்கு மேல் போனால் புடவைக் கட்டுகளும் சைக்கிள்களும்தான் கண்ணில் படும். ஒரு தூணடியில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் காலை மடக்கி வழிவிட்டார், படிப்பதை நிறுத்தவில்லை.

மாசி வீதிக்கு வந்ததும் கூட்டிப் போனவர் ஒன்று கேட்டார். பெயர் மாசி வீதி, ஆனால் சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது இதில்தானே, ஏன்? மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார், தேர் மட்டும் பழைய வீதியை விடவில்லை என்பது ஊரார் சொல்லும் பதில். மேல மாசி வீதியில் 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டின் முன்னால் முடித்தோம். நடையில் குறை என்றால் வெயில்தான். ஒன்பது மணிக்கு மேல் தாங்காது. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ இந்தச் சதுரங்களுக்கு வெளியேதான் லாபம். தெப்பக்குளம் கிழக்கே, காந்தி மியூசியம் வைகைக்கு அந்தப் பக்கம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த அந்தக் கட்டடத்தில் காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இருக்கிறது. அதன் முன்னால் பேச ஒரு ஆள் தேவையில்லை, ஆட்டோக்காரர் வெளியே நிற்பதே நல்லது. கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், திரும்ப வண்டி பிடிப்பது சிரமம். அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே பழைய தமிழ் வட்டெழுத்தில் கல்வெட்டு. புறப்படும்போதே கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்.

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் கிடைத்தால் என் கணக்கு இது: காலை ஆறரைக்கு நடை, நடு மதியம் மகால், வெயில் தாழ்ந்ததும் ஆட்டோவில் தெப்பக்குளம், ஆறு மணிக்கு மேல் கைடோடு கோயில். கைடைப் பாதியில் அனுப்பிவிட்டு, இரவு நடை சாத்துவதற்கு முன் நடக்கும் பள்ளியறைப் பூஜைவரை இருங்கள். சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போவதைப் பார்க்க விளக்கம் எதுவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போனையும் செருப்பையும் எந்தக் கோபுர வாசலில் கொடுத்தீர்களோ, அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும். நான் கிழக்கில் கொடுத்துவிட்டு மேற்கில் வெளியே வந்து, சித்திரை வீதியில் பாதிச் சுற்று வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். பங்குனி மாசம், மாலை நாலரை மணி.