கப்பலுக்குக் கொண்டுபோகும் போத்தல்: எந்தக் கம்பனி விடும், எதைச் சுமப்பது பெறுமதி?

கொழும்பிலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் போகிறவர்களில் பெரும்பாலானோர் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறுவதில்லை. பண்டாரநாயக்க இறங்குதுறையில் வந்து நிற்கும் பெரிய கப்பல்கள் அநேகமாகக் காலையில் வந்து மாலையில் போய்விடும். நம்மவர்கள் கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ சென்னைக்கோ பறந்துபோய்த்தான் ஏறுகிறார்கள். குடிக்கிற சாமானைச் சொந்தமாகக் கொண்டுபோவதா இல்லையா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள், மயாமியில் காரிலிருந்து இறங்கி நேரே கப்பலேறும் அமெரிக்கருக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு 12 ரின் சோடா பாரமே இல்லை. 20 கிலோ பொதியோடு விமானமேறுகிற குடும்பத்துக்குக் கணக்கு வேறு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கொழும்பிலிருந்து சுமக்கத் தகுந்தவை பக்கெற்றில் வரும் தூள் வகைகளும் ஆளுக்கொரு வெறும் தண்ணீர்ப் போத்தலும்தான். வைனோ சோடாவோ வேண்டுமென்றால் கப்பலேறும் ஊரில் வாங்குங்கள், அதுவும் கம்பனி விட்டால்.

சாராயம், விஸ்கி: எங்கும் கதவு மூடித்தான்

கீழே ஒப்பிடும் கம்பனிகளில் ஒன்றுகூட சாராயம், விஸ்கி, பிராந்தி போன்ற கடும் மதுவைப் பயணிகள் அறைக்குக் கொண்டுபோக விடுவதில்லை. பியரும் அப்படியே. (டிஸ்னி கப்பல்கள் மட்டும் வயது வந்தவருக்கு ஆறு பியர் வரை விடும், அது விதிவிலக்கு.)

சூட்கேசுக்குள் வைத்து அனுப்பினால் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். முனையத்தில் ஒப்படைக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஊடுகதிர் இயந்திரத்துக்குள் போய்த்தான் கப்பலேறுகிறது. போத்தல் தெரிந்தால் போத்தல் மட்டுமல்ல, பெட்டியே நிறுத்தப்படும். இரவுச் சாப்பாட்டு நேரமாகியும் பெட்டி அறைக்கு வராது. பாதுகாப்புப் பிரிவுக்குப் போய், அவர்கள் முன்னால் திறந்து காட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குள் அம்மாவின் பிரஷர் மருந்து இருந்தால் இரவு முழுக்க அந்தரம். ஒளித்து வைத்த போத்தல் திரும்பக் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம், கொட்டிவிடுவார்கள். ஷாம்பூப் போத்தலில் ஊற்றுவது, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து மறுபடி இறுக்குவது எல்லாம் பழைய வித்தைகள். இந்த வித்தைகளால்தான் கார்னிவல் கப்பல் கம்பனி 2015இல் தண்ணீர்ப் போத்தல்களையே தடைசெய்தது. 2017இல் நோர்வேஜியன் கம்பனி எல்லாக் குளிர்பானங்களையும் தடைசெய்தது.

வைன்: கம்பனிக்குக் கம்பனி பெரிய வித்தியாசம்

உண்மையான ஒப்பீடு இங்கேதான் இருக்கிறது. தம்பதியர் இருவர் நான்கு போத்தல் வைனோடு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போத்தல் ஒவ்வொன்றும் 750 மில்லிலீற்றர்.

ரோயல் கரீபியனில் குடிக்கும் வயதை எட்டிய ஒருவருக்கு ஒரு போத்தல், ஏறும் நாளில் மட்டும். அதாவது இரண்டு உள்ளே போகும், மற்ற இரண்டும் போகாது. சிங்கப்பூர் போன்ற ஆசியத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் அவர்களுடைய கப்பல்களில் அந்த வயது 18. வட அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21. அறையில் குடித்தால் கட்டணம் இல்லை. சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தால் போத்தலுக்கு 15 டொலர் திறப்புக் கட்டணம்.

கார்னிவலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 21 வயதானவருக்கு ஒன்று, வெளியிடத்தில் திறந்தால் 15 டொலர். கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சொந்தக்காரரோடு சேர்ந்து போகிறவர்களுக்குத்தான் இந்தக் கம்பனி பொதுவாக வாய்க்கும்.

பிரின்சஸில் ஆளுக்கு ஒரு போத்தல் அறையில் குடிக்க இலவசம். அதற்கு மேல் கொண்டுவரும் ஒவ்வொன்றுக்கும் 20 டொலர். நான்கும் உள்ளே போகும், செலவு 40 டொலர்.

நோர்வேஜியன் வேறு வழியில் போகிறது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, இலவசமும் இல்லை. அறையில் குடித்தாலும் சரி, மேசையில் குடித்தாலும் சரி, ஏறும்போதே 750 மில்லிலீற்றர் போத்தலுக்கு 15 டொலரும் ஒன்றரை லீற்றர் போத்தலுக்கு 30 டொலரும் அறவிடுவார்கள். நான்கு போத்தலுக்கு 60 டொலர். கட்டிய பிறகு எங்கே திறந்தாலும் கேள்வியில்லை. போத்தலுக்குப் பதில் காகிதப் பெட்டியில் அடைத்து விற்கும் வைன் இங்கே செல்லாது.

எம்.எஸ்.சி, கோஸ்டா, சென்னையிலிருந்து கிளம்பும் கோர்டிலியா: மூன்றிலும் வெளியிலிருந்து குடிபானம் கொண்டுவரக் கூடாது. 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்த கோர்டிலியாவின் எம்ப்ரஸ் கப்பலை நம்மவர் பலர் அறிவார்கள். அதில் ஏறுகிறவர் வீட்டுத் தின்பண்டத்தைக்கூட நம்பி எடுத்துப்போகாமல் இருப்பது நல்லது.

ஆகவே ஆளுக்கு ஒரு போத்தல் போதுமென்றால் ரோயல் கரீபியனும் கார்னிவலும் பிரின்சஸும் சமம். கல்யாண நாளைக் கொண்டாட நல்ல வைன் நாலைந்து போத்தல் வேண்டுமென்பவருக்குப் பிரின்சஸ் மலிவு, நோர்வேஜியன் சுதந்திரம். கப்பலில் ஒரு கோப்பை வைன் 13 டொலர் என்று வைத்து, 18 வீதச் சேவைக்கட்டணத்தையும் சேர்த்தால் 15 டொலரைத் தாண்டும். ஒரு போத்தலில் 150 மில்லிலீற்றர்படி ஐந்து கோப்பை. 15 டொலர் திறப்புக் கட்டணம் கட்டினாலும் ஏறத்தாழ 60 டொலர் மிச்சம். அதிலிருந்து போத்தலின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போத்தலை எங்கே வாங்குவது?

சிங்கப்பூரில் ஏறுகிறவர் கொழும்பில் வைன் வாங்கிச் சுமக்கத் தேவையே இல்லை. சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்குகிற பக்கத்திலேயே, பொதி எடுக்கும் பட்டிகளுக்கு அருகில், தீர்வையற்ற கடை இருக்கிறது. 18 வயதானவர் 48 மணித்தியாலத்துக்கு மேல் சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருந்தால் 2 லீற்றர் வரை வைன் தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். ஆளுக்கு இரண்டு போத்தல் தாராளமாக அடங்கும். ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: மலேசியாவிலிருந்து வருகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. டிக்கெட் மலிவென்று கோலாலம்பூர் வழியாகப் போகிறவர் இதை மறந்துவிடுவார். நகரத்துக்குள் போய் வாங்கலாமென்றால், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை சிங்கப்பூர்க் கடைகளில் மது விற்பனை இல்லை.

கொழும்பிலிருந்துதான் கொண்டுபோவேன் என்பவர் நாட்காட்டியைப் பார்க்கட்டும். போயா (பௌர்ணமி) தினத்தில் நாடு முழுக்க மதுக்கடைகள் பூட்டு. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த நாளிலும் விற்க மாட்டார்கள். விமானத்தில் போத்தல் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் செல்லாது. கப்பல் முனையத்தில் நேர்மாறு: வைன் கையில் கொண்டுபோகும் பையில் இருக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் இருக்கக் கூடாது. ஹோட்டலில் இருந்து புறப்படும்போதே போத்தலை இடம் மாற்றுங்கள். முனைய வாசலில் பெட்டியை விரித்துப் போத்தல் தேடுகிற குடும்பங்கள் மறந்தது இந்த ஒன்றைத்தான். தக்கை அடைத்த போத்தலைவிடத் திருகுமூடிப் போத்தல் வசதி. முதலில் ஒரு சிப் வைத்த பையில் போட்டு, பிறகு துவாயில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டி விழுகிற அடி நேரே கண்ணாடிக்குத்தான்.

குளிர்பானம்: ரின்னா, போத்தலா?

ரோயல் கரீபியன் ஏறும் நாளில் ஆளுக்கு 12 எண்ணம் விடும்: ரின்னோ, போத்தலோ, காகிதப் பெட்டியோ, ஒவ்வொன்றும் சுமார் 500 மில்லிலீற்றருக்கு மேற்படக் கூடாது. ஆகவே 500 மில்லிலீற்றர் ஜின்ஜர் பியர் போகும், ஒன்றரை லீற்றர் நெக்டோ போகாது. கார்னிவலிலும் 12தான், ஆனால் ரின்னும் காகிதப் பெட்டியும் மட்டும், ஒவ்வொன்றும் 355 மில்லிலீற்றருக்குள். பிளாஸ்டிக் போத்தல், கண்ணாடிப் போத்தல் இரண்டும் திரும்பிவிடும். நோர்வேஜியனிலும் எம்.எஸ்.சியிலும் குளிர்பானம் எதற்கும் அனுமதி இல்லை. குழந்தைப் பால்மா கரைக்கும் நீருக்கும் மருத்துவத் தேவைக்கும் விலக்கு உண்டு; முன்கூட்டியே அறிவித்து, முத்திரை உடையாத போத்தலாகக் கொண்டுபோக வேண்டும்.

இதையும் கையில்தான் தூக்கிப்போக வேண்டும். 330 மில்லிலீற்றர் ரின் பன்னிரண்டு நாலு கிலோவுக்கு மேல் வரும். நால்வர் குடும்பத்துக்கு 48 ரின் என்றால் கிட்டத்தட்ட 17 கிலோ. அனுமதி இருக்கிறதே என்று முழுவதையும் தூக்குவதில் பெறுமதியில்லை. பிள்ளைகளுக்குச் சிறிய மைலோ பெட்டிகளே மேல். 180 மில்லிலீற்றர்ப் பெட்டி பன்னிரண்டும் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும், பழக்கமான ருசி, குளிரூட்டாவிட்டாலும் கெடாது. உறிஞ்சுகுழல் குத்துகிற வெள்ளித்தாள் பக்கம்தான் அதன் பலவீனம். அந்தப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கி, பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள்.

வீட்டில் அவித்துத் தெர்மோசில் ஊற்றிய மல்லித்தண்ணி, பழைய போத்தலில் நிரப்பிய செவ்விளநீர் இரண்டும் முத்திரை இல்லாதவை. முனையத்தில் கொட்டச் சொல்வார்கள்.

தூள் வகைகள்: பாரமில்லாத வெற்றி

ரோயல் கரீபியன், கார்னிவல் போன்றவற்றில், உறை பிரிக்காத தேயிலைப் பக்கெற், சமஹன் (சுடுநீரில் கரைக்கும் மூலிகைத் தூள்), நெஸ்டமோல்ட், மைலோத் தூள், பால்மா ஆகியவற்றில் யாரும் கைவைப்பதில்லை. நாலு கிராம் சமஹன் பக்கெற் இருபது கொண்டுபோனாலும் மொத்தம் 80 கிராம். அதே எடையில் ஒரு சோடா ரின்னின் கால்பங்குதான் வரும். கப்பல் குளிரூட்டலில் தொண்டை கட்டிக்கொள்ளும் முதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

கேத்தில் மட்டும் கொண்டுபோக வேண்டாம். சூடேற்றும் கம்பி உள்ள எதுவும், தண்ணீருக்குள் விடுகிற கொதிசுருள் உட்பட, தீ ஆபத்துக்காகப் பறிமுதலாகும். சுடுதண்ணீர் பஃபே மண்டபத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூடியுள்ள தெர்மோசை வெறுமையாகக் கொண்டுபோய், இரவு படுக்கமுன் நிரப்பி வைத்தால் அதிகாலைத் தேத்தண்ணிக்கு ஆகும். குனார்ட், பி அண்ட் ஓ போன்ற பிரித்தானியக் கப்பல்களில் அறையிலேயே கேத்தில் வைத்திருப்பார்கள். தேத்தண்ணி இல்லாமல் விடியாத வீட்டார் கப்பல் தெரியும்போது இதையும் ஒரு காரணமாக எடுக்கலாம்.

தண்ணீருக்குக் காசு கட்ட அவசியமில்லை. கடல்நீரை ஆவியாக்கியும் வடிகட்டியும் சுத்திகரித்த நீர் குழாயிலும் பஃபேயிலும் வரும், குடிக்க உகந்தது. எம்.எஸ்.சியின் சாப்பாட்டு மண்டபங்களில் பல பயணங்களில் போத்தல் தண்ணீர் வாங்க வைப்பார்கள். அங்கே பஃபே குழாயில் நிரப்பிய சொந்தப் போத்தல் கைகொடுக்கும்.

பானப் பொதித்திட்டம் வாங்கினால்?

நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிக் குடிக்கும் திட்டம் சொந்தப் போத்தலுக்கு நேர்ப் போட்டி. 70 டொலர் விலையென்று வைத்தால், 18 வீதம் சேர்ந்து நாளுக்கு 82 டொலருக்கு மேல். கோப்பைக்கு 15 டொலர் கணக்கில், தினமும் ஐந்தாறு கோப்பை குடித்தால்தான் சமன். இன்னொரு முட்டுக்கட்டை பெரியது: ரோயல் கரீபியனிலும் கார்னிவலிலும் ஒரே அறையில் ஒருவர் மதுத்திட்டம் வாங்கினால் அந்த அறையின் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். கணவன் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்கிற வீட்டுக்கு இது வீண்செலவு. நான்கு இரவுக்கு இருவருக்கும் 660 டொலர் போகும். அந்த வீட்டுக்கு ஆளுக்கொரு வைன் போத்தலும், தேவைப்படும்போது கோப்பைக்கு விலை கொடுப்பதும்தான் சரி. துறைமுகத்தில் இறங்கிச் சுற்றுகிற நாட்கள் அதிகமான பயணத்திலும் திட்டம் கட்டுப்படியாகாது.

கொழும்பில் வாங்கிக் கப்பலேற்றும் சாராயம்

கப்பலில் கொழும்புக்கு வந்திறங்கும் வெளிநாட்டுச் சொந்தக்காரருக்குத் தென்னஞ்சாராயப் போத்தல் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். கொடுக்கலாம். அவர் கப்பல் வாசலில் அதை ஒப்படைத்து, துண்டொன்று வாங்கிக்கொள்ள வேண்டும். ரோயல் கரீபியன், கார்னிவல், நோர்வேஜியன் எல்லாம் துறைமுகத்தில் வாங்கிய மதுவைப் பூட்டிவைத்துப் பயண முடிவில்தான் கொடுக்கும். கப்பல் வரும் நாள் போயா என்றால் முந்திய நாளே வாங்கி வைத்திருங்கள்.

கொடுப்பது கடைசி நாளில் என்பதால் ஒரு சிக்கல் வரும். பெரிய பெட்டிகளை இரவே அறை வாசலில் வைக்கச் சொல்லி எடுத்துப்போய்விடுவார்கள். அதற்குப் பிறகு போத்தல் கைக்கு வந்தால் வைக்க இடமிருக்காது. நேரே விமான நிலையத்துக்குப் போகிறவர் அதைக் கைப்பையில் ஏற்றவும் முடியாது. ஆகவே மடித்து வைக்கக்கூடிய சிறு பையொன்றும் குமிழ்த்தாளும் தனியே வைத்திருந்து, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து போத்தலை நடுவில் புதைத்த பிறகுதான் பதிவு மேசைக்குப் போக வேண்டும்.